இடக்கையால் எழுதிய வீட்டுப்பாடம்

தம்பி,

நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய் இன்றைக்கு இருபத்திரண்டு நாள். அம்மா தொலைபேசியில் உன்னோடு கதைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் அறைக்குள் வந்தால் குரலைத் தாழ்த்துவாள், வைத்த பிறகு "சாப்பிட்டானாம்" என்று மட்டும் சொல்வாள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கல்லூரிக்குக் கிட்ட உனக்கு அறை கிடைத்துவிட்டது என்று ஒருதரம் சொன்னாள். நீ சுகமாக இருக்கிறாய், என்னோடு கதைக்க விருப்பமில்லை என்ற இரண்டையும் அந்த ஒரு சொல்லில் இருந்துதான் எடுத்துக்கொள்கிறேன். அப்பாமேல் கோபம் இருக்கட்டும், கோபத்தோடேயே வாசி. பாதியில் மடித்து வைத்துவிடாதே. இது என்னுடைய நியாயத்தைச் சொல்ல எழுதுகிற கடிதம் இல்லை. எனக்கு அப்படி ஒரு நியாயமும் கிடையாது. உன் தங்கச்சி அபி உன்னிடம் ஒன்று கேட்கச் சொல்லியிருக்கிறாள், அதைக் கேட்பதற்கு முன் நடந்ததை எல்லாம் ஒழுங்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிலது உனக்குத் தெரியும், சிலது தெரியாது.

அபி எங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கிற பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்பில் இருந்த வருடம் அவளுடைய ரீச்சர் எங்களைக் கூப்பிட்டார். அம்மாவுக்கு வேலை, நானும் நீயும்தான் போனோம். என்னுடைய பிரெஞ்சு உணவகக் குசினிக்குள் மட்டும் செல்லுபடியாகும். "சூடு, விலகு" என்று கத்தலாம், அதற்கு மேல் ஓடாது. அதனால் நீ நடுவில் இருந்து மொழிபெயர்த்தாய். பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லை, எழுத்துகள் அவளுக்குப் பிடிபடவில்லை, ஒரு நிபுணரிடம் காட்டினால் நல்லது, தேவைப்பட்டால் பிள்ளைகள் குறைவாக இருக்கிற வகுப்பு ஒன்று இருக்கிறது என்று அந்த மனுசி தன்மையாகத்தான் சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது வேறு. "என்ரை பிள்ளை மொக்கு எண்டு சொல்லுறாவோ?" என்று உன்மேல் பாய்ந்தேன். "அவ அப்பிடிச் சொல்லேல்லை அப்பா" என்றாய். ரீச்சரோடு சண்டை பிடிக்க எனக்கு மொழி இல்லை, ஆகவே மொழிபெயர்த்தவனோடு பிடித்தேன். ஒரு கிழமை உனக்கு முகம் கொடுக்கவில்லை.

அந்த மாதம்தான் டவுன்டவுனில் சூப் அண்டாவைத் தூக்கப்போய் என் முதுகு முறிந்துபோனது. இருபது வருடம் குசினியில் நின்றவன் வீட்டில் சாய்மனைக் கதிரைக்கு வந்து சேர்ந்தேன். வீட்டில் சும்மா இருக்கிற ஆம்பிளைக்குப் புத்தி கண்டபடி வேலை செய்யும். ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவில் இருந்து உன் பெரியம்மா தொலைபேசி எடுத்து, "என்ரை விலாசத்தைத் தாறன், பிள்ளையை இஞ்சத்தைப் பள்ளிக்கூடத்திலை ஒன்லைனிலை போடுங்கோ. இங்கிலிஷிலை படிக்கட்டும். அடுத்த வருசம் இஞ்சை வாறதுதானே" என்றார். பிள்ளைகளைப் பிரெஞ்சில்தான் படிப்பிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிற இந்த நகரத்தில் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அடுத்த வருடம் ரொறன்ரோவுக்குப் போகிறவர்கள்தான். வந்த நாளில் இருந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். முன்வீட்டுப் பள்ளிக்கூடத்துக்கு "நாங்கள் மாகாணம் மாறுகிறோம்" என்று சொல்லிப் பிள்ளையை எடுத்தேன். பக்கத்து மாகாணமான ஒன்ராறியோவில் உள்ள ஒரு அரசுப் பள்ளியின் இணைய வகுப்புக்குப் பெரியம்மாவின் விலாசத்தைக் கொடுத்தேன். கொடுத்தேன் என்று நான் சொல்வதும் பொய்தான். அந்த ஆங்கிலப் படிவத்தை உன்னைக் கொண்டுதான் நிரப்பினேன். உனக்கு அப்போது பதினெட்டு வயது. "அப்பா, இது பொய்" என்றாய். "பொய்யில்லையடா, நடக்கப்போறதை முன்கூட்டிச் சொல்லுறம்" என்றேன். நீ நிரப்பினாய். நான் உனக்குச் செய்த முதல் பிழை அது. நாளைக்கு நீ எங்கே வேலை செய்தாலும் சரி, யாரைக் கட்டினாலும் சரி, யாருக்காகவும் ஒரு படிவத்தில் பொய் எழுதாதே. தகப்பன் கேட்டாலும் எழுதாதே. இதை இப்போது வந்து நான் சொல்வதைப் பார்த்து நீ சிரிக்கலாம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எங்கள் இருவருக்கும் பகல் எப்படிப் போனது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நீ காலையில் வகுப்புக்குப் போய்விடுவாய், அம்மா சென்-லோரன் தொழிற்சாலையில் மருந்துகளைப் பெட்டியில் அடைக்கப் போய்விடுவாள். நானும் அபியும் ஒரு மடிக்கணினியும் மிஞ்சுவோம். முன்னால் பள்ளிக்கூடம், நாங்கள் மாகாணம் மாறிப் போனவர்கள், ஆகவே யன்னல் திரையை இழுத்து மூடியே வைத்திருந்தேன். பிள்ளைகள் இடைவேளைக்கு வெளியே வந்து கத்தும்போது அபி திரைக்குப் பின்னால் காதை வைத்துக்கொண்டு நிற்பாள். "விலக்கிப் பாக்கட்டோ அப்பா?" என்பாள். "வேண்டாம், ஆராவது கண்டால்" என்பேன். காலையில் இணைய ரீச்சர் ஒவ்வொரு பிள்ளையிடமும் வெளியே காலநிலை எப்படி என்று கேட்பார். அதற்காக என் ஃபோனில் ஸ்காபரோவின் காலநிலையைப் பார்த்து வைத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பேன். இங்கே முழங்கால் அளவு பனி கொட்டும், அவள் கமராவைப் பார்த்து மழை பெய்கிறது என்று சொல்வாள். ஆறு வயதுப் பிள்ளை. கதவு மணி அடித்தால், நான் சொல்லாமலேயே, தானாகப் போய்க் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொள்வாள். முதல் முறை கண்டபோது குனிந்து கையைப் பிடித்து வெளியே எடுத்தேன். பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைக் கோயில்கூட விட்டுப்போயிற்று, அங்கே வருகிற தாய்மாருக்கு எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்பதைவிட வேறு கதை கிடையாது. கதவைப் பூட்டியவன் நான், திறப்பும் என்னிடம்தான் இருந்தது, ஆனாலும் இரண்டு வருடம் எனக்குத் திறக்கத் தெரியவில்லை.

இனி எழுதப்போவதுதான் கஷ்டம். இணைய வகுப்பில் ரீச்சர் முகம் தெரிவது காலையில் கொஞ்ச நேரம். மிச்சத்தைப் பிள்ளை வீட்டில் செய்து, படம் எடுத்து அனுப்ப வேண்டும். பக்கத்தில் ஒரு பெரிய ஆள் இருந்து உதவ வேண்டும் என்பது விதி. முதல் வாரமே "என் குடும்பம்" பற்றி மூன்று வரி எழுதச் சொன்னார்கள். அபி இரண்டு மணித்தியாலம் பென்சிலைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். ஒரு எழுத்து வரவில்லை. பிறகு அழுதாள். நேரம் போய்க்கொண்டிருந்தது, அனுப்பாவிட்டால் பள்ளிக்கூடம் அழைக்கும், அழைத்தால் வேறு கேள்விகள் வரும் என்று எனக்குப் பயம். பென்சிலை வாங்கி நான் எழுதினேன். என் எழுத்துப் பெரிய ஆளின் எழுத்து, பிடிபட்டுவிடும். அதனால் இடக்கையால் எழுதினேன். கோணல்மாணலாக, உண்மையான பிள்ளை எழுத்து மாதிரியே வந்தது. அடுத்த நாள் ரீச்சர் அதற்கு ஒரு நட்சத்திரம் அனுப்பி, அருமையான முயற்சி என்று எழுதியிருந்தார்.

தம்பி, அந்த நட்சத்திரம் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒளிக்காமல் சொல்கிறேன். இருபது வருடம் குசினியில் வேலை செய்தேன், ஒருவரும் எனக்கு அருமை என்று சொன்னதில்லை. நான் ஊரில் சண்டை வந்து பத்தாம் வகுப்போடு விட்டவன், அது உனக்குத் தெரியும். இங்கே ஐம்பது வயதில், ஒரு சின்ன மேசையில் குனிந்திருந்து வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கையை எழுதினேன். அரைவாசி, கால்வாசி என்று பின்னக் கணக்குக்குப் படம் கீறி நிறம் தீட்டினேன். பிழையும் விட்டேன், வேண்டுமென்றே, பிள்ளை விடுகிற மாதிரி. திருத்தி வந்தால் சந்தோசம், நட்சத்திரம் வந்தால் அதைவிடச் சந்தோசம். ஒவ்வொன்றையும் அச்சடித்து பிரிட்ஜில் ஒட்டினேன். வேலையால் களைத்து வருகிற அம்மா அதைப் பார்த்து, "என்ரை குஞ்சு எவ்வளவு கெட்டிக்காரி" என்று அபியைக் கொஞ்சுவாள். அபி என்னைப் பார்ப்பாள். நான் சிரிப்பேன். முதல் மாதம் ஒரு நாளைக்கு ஒரு தாள்தான் நான் எழுதினேன். வருட முடிவில் எல்லாத் தாளும் நான்தான்.

வாசிப்புச் சோதனை எப்படித் தாண்டினோம் என்று உன் அம்மா கேட்டாள், நீயும் யோசித்திருப்பாய். எந்தப் புத்தகம் என்று ரீச்சர் முதலே சொல்லிவிடுவார். பின்னேரங்களில் நீ அவளை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பாயே, அண்ணா இன்னும் ஒருக்கா என்று அவள் கேட்பாளே, அது ஆசையால் கேட்டதுதான், ஆனால் நான் சொல்லிக்கொடுத்ததாலும் கேட்டாள். பிள்ளைக்கு ஞாபகம் அப்படி ஒரு ஞாபகம். எந்த இடத்தில் பக்கம் புரட்ட வேண்டும் என்பதுவரை மனப்பாடம். ரீச்சருக்கு முன்னால் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். நீ அறியாமல் உன்னையும் இந்தக் களவில் சேர்த்திருந்தேன், அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன்.

மிச்சம் உனக்குத் தெரியும். அம்மாவின் பிறந்தநாளுக்கு வாழ்த்து மட்டை வாங்கிவந்து, "அபி, நீ எழுது" என்று நீ பென்சிலைக் கொடுத்தாய். அவள் அதை இடக்கையில் பிடித்தாள். சோறு சாப்பிடுவதும் பந்து எறிவதும் பல் விளக்குவதும் வலக்கையால் செய்கிற பிள்ளை. "ஏன் குஞ்சு அந்தக் கையாலை?" என்று கேட்டாய். "பள்ளிக்கூட எழுத்து இந்தக் கையாலைதான் அண்ணா எழுதுறது. அப்பா அப்பிடித்தான் எழுதுறவர்" என்றாள். நான் குசினி வாசலில் நின்றேன். நீ என்னைப் பார்க்கவில்லை. மெல்ல ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து, நடுப்பக்கத்தைத் திறந்து, வாசி என்றாய். அவள் விரலை வைத்து, முதல் பக்கத்தைச் சொன்னாள். அவள் எவ்வளவு சந்தோசமாகச் சொன்னாள் என்பதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

அவளை அறைக்கு அனுப்பிவிட்டு நீ என்னிடம் கேட்டது நியாயமான கேள்விதான். "இதை எவ்வளவு நாளைக்கு செய்யப்போறியள் அப்பா? அவளின்ரை கலியாணப் பதிவிலையும் நீங்களே கையெழுத்துப் போடுறதோ?" என்றாய். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பிழை செய்துவிட்டேன், எப்படி வெளியே வருவதென்று தெரியவில்லை, எனக்கு உதவி செய் என்று சொல்லியிருக்க வேண்டும். அது முழுவதும் என் வாய்க்குள் இருந்தது. வெளியே வந்ததோ வேறு. "உன்னை வளர்த்தவன் நான். எனக்குப் புத்தி சொல்லுறதெண்டால் கதவு அங்கை இருக்கு" என்றேன். நீ அடுத்த நாள் காலையில் அந்தக் கதவால் போனாய். ஒரு பிள்ளையை வெளியே விடாமல் பூட்டி வைத்தேன், மற்றப் பிள்ளைக்குக் கதவைக் காட்டினேன். உனக்குப் பிள்ளை பிறக்கும்போது, பிள்ளைக்கு ஏதோ கடினமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், அவமானப்படாதே. என்ன செய்யலாம் என்று அடுத்த கேள்வியைக் கேள். நான் அந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான் இவ்வளவும்.

நீ போன பிறகும் ஒரு கிழமை நான் எழுதிக்கொண்டுதான் இருந்தேன், நம்புவாயா? வீம்பு. எட்டாம் நாள் நீர் எப்படி ஆவியாகிறது என்று எழுதிக்கொண்டிருக்கும்போது அபி பக்கத்தில் இருந்து எனக்குப் பென்சில் சீவித் தந்தாள். தன் குருத்துக் கையில் விழுந்த துருவலை ஊதிவிட்டு, "இந்தாங்கோ அப்பா, கவனமா எழுதுங்கோ" என்றாள். தாய் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். நான் பென்சிலை வைத்துவிட்டேன். அன்று பின்னேரம் அம்மா வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னேன். விலாசம் அவளுக்குத் தெரியும், எழுதியது நான் என்பது தெரியாது. கதிரையில் அப்படியே இருந்தாள், குளிர் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணியை என் முன்னால் வைத்து, "செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கிறன். மூண்டு பேருமாப் பள்ளிக்கூடத்துக்குப் போவம். கதைக்கிறது நீங்கள்" என்றாள். உன்னைக் கூப்பிடுவோம் என்று நான் இழுத்தேன். "அவனை விடுங்கோ. அவன் உங்களுக்காகக் கதைச்சது போதும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை பகல் பத்து மணி. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த நேரத்தில் அபி வீதியில் இறங்கினாள். வீதியைக் கடக்க ஒரு நிமிடம் பிடிக்காது. அதற்குள் என் மேலங்கிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, "ஆரும் பாப்பினம் அப்பா" என்றாள். "பாக்கட்டும்" என்றேன். பள்ளிக்கூட அதிபர் ஒரு பெண், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். என் குசினி பிரெஞ்சில், கையைக் காலை ஆட்டி, நாங்கள் எங்கும் போகவில்லை, எதிரே மூன்றாம் மாடி வீட்டில்தான் இருந்தோம், எழுதியது நான், பிள்ளை இல்லை என்று சொல்லி முடித்தேன். எழுதியது நான் என்பதை மட்டும் அவர் திரும்பக் கேட்டார். திரும்பச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும். பிள்ளை இரண்டு வகுப்புக் கீழே இருக்க வேண்டி வரலாம், நிபுணர் பார்க்க வேண்டும், மேலிடத்தில் இருந்து எங்களிடம் விளக்கம் கேட்பார்கள், அதற்கு ஆயத்தமாக இருங்கள் என்றார். ஒன்ராறியோ ரீச்சருக்கும் நானே எழுதிவிட்டேன், என்னுடைய ஆங்கிலத்தில், என்னுடைய பிழைகளோடு. என்ன வரப்போகிறதோ, பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அன்று வீட்டுக்கு வந்து திரையை இழுத்து விலக்கினேன். யன்னல் கண்ணாடியில் இரண்டு வருடத்து அழுக்கு.

இனி அபியின் விஷயம். அவளிடம் உண்மையைச் சொல்லும் வேலையையும் அம்மா என்னிடமே விட்டாள். நேற்றுப் பின்னேரம் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னேன். அவள் இவ்வளவு நாளும், இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற வேலை என்றுதான் நினைத்திருக்கிறாள். தன் பங்கு மனப்பாடம், என் பங்கு எழுத்து, நட்சத்திரம் இருவருக்கும். "அப்ப அந்த ஸ்டார் எல்லாம் உங்கடையோ?" என்றாள். ஓம் என்றேன். எழும்பிப்போய் பிரிட்ஜில் இருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். அழவில்லை. கடைசித் தாளை வைத்துவிட்டுக் கேட்டாள், "எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டோ அண்ணா வீட்டை விட்டுப் போனவர்?"

இந்த இருபத்திரண்டு நாளும் அந்தப் பிள்ளை இதை மனதில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டிருக்கிறாள், படுத்திருக்கிறாள். இல்லை, அப்பாவோடுதான் கோபம் என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். நம்பவில்லை. ஃபோனில் உன்னோடு கதைக்கச் சொன்னேன். "ஃபோனிலை எல்லாரும் நல்லாத்தான் சொல்லுவினம். அண்ணாவை எழுதித் தரச் சொல்லுங்கோ" என்றாள். சரி, எழுதுவார், நான் வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "நீங்கள் வேண்டாம். நீங்கள் வாசிச்சா மாத்திச் சொல்லுவியள். நான் வாசிக்கப் பழகி நானே வாசிக்கிறன்."

என்னை நம்பாதே என்று என் பிள்ளைக்கு நானே இரண்டு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். அதை மட்டும் அவள் நன்றாகப் படித்திருக்கிறாள்.

எனக்கு நீ பதில் போட வேண்டாம், தம்பி. அவளுக்கு எழுது, அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கப்போகிற பிரெஞ்சிலேயே எழுது. திங்கட்கிழமை முன்வீட்டுப் பள்ளிக்கூடத்தில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு போய் இருக்கப்போகிறாள். உன் கடிதத்தை நான் பிரிக்கமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அம்மாவும் பிரிக்கமாட்டாள். அவள் வாசித்து முடிக்கிற நாள்வரை நீ என்ன எழுதினாய் என்பது எங்களுக்குத் தெரியாது. அந்தப் பதிலுக்கு அவள் அதிக நாள் காத்திருக்கக் கூடாது. ஆகவே உனக்குத் தெரிந்த சொற்களில் ஆகச் சின்னச் சொற்களாகப் பார்த்து, பெரிய எழுத்தில் எழுது.

அப்பா